சித்திரை முதல் நாளைச் சியாங் மாயில் கொண்டாட: கிருஷ்ணகிரி, தருமபுரி நண்பர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுப் பயணத்துக்கு என்னிடம் வழி கேட்கும் நம் பகுதி இளைஞர்கள், புத்தாண்டு என்றவுடன் டிசம்பர் 31ஆம் தேதி இரவையே மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது, அந்தப் பயணத்தைச் சித்திரைக்குத் தள்ளி வையுங்கள் என்பதுதான். ஏப்ரல் 14 நமக்குப் புத்தாண்டு. அந்த நாளை நடுவில் வைத்து ஏப்ரல் 13, 14, 15 ஆகிய மூன்று நாட்களும் தாய்லாந்து மக்கள் சோங்க்ரான் விழா எடுக்கிறார்கள். சோங்க்ரான் என்பது சங்கராந்தி என்ற வடசொல்லின் தாய்லாந்து மொழி வடிவம். சூரியன் மேஷத்துக்குள் நுழைவதை வைத்தே அவர்களுடைய புத்தாண்டும் நம்முடைய புத்தாண்டும் கணிக்கப்பட்டன. அரசுக் கணக்கில் 1941 முதல் அங்கே ஜனவரி 1தான் ஆண்டுத் தொடக்கம் என்றாலும், பாங்காக்கில் வேலை செய்பவர்கள் பொங்கலுக்கு நாம் ஊர் திரும்புவதைப் போலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புவது சோங்க்ரானுக்குத்தான். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்த விழாவைச் சேர்த்தது.

நான் இருமுறை வட தாய்லாந்து நகரமான சியாங் மாய் சென்றிருக்கிறேன். முதல் முறை, தெருவில் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் விளையாட்டுதான் விழா என்று நம்பி, மூன்று நாளும் அதிலேயே நனைந்து திரும்பினேன். இரண்டாம் முறை, தங்கியிருந்த விடுதியின் உரிமையாளரான மூதாட்டி காலையில் எங்களை அழைத்துத் தன் கைகளில் நீர் ஊற்றச் சொன்னபோதுதான், முதல் முறை எதைத் தவறவிட்டேன் என்பது புரிந்தது. அந்தக் காலைப் பொழுதுகளை நீங்கள் முதல் பயணத்திலேயே தவறவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான்கு நண்பர்கள், எட்டு நாட்கள், ஒரே ஊர் என்ற கணக்கில் எழுதியிருக்கிறேன்.

ஜனவரியிலேயே முடிக்க வேண்டியவை

உடன் வருபவர்களை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நான்கு பேர் போதும். ஆறு பேரைத் தாண்டினால் ஒரே அறையில் இடம் கிடைப்பதும், ஒரே வண்டியில் ஏறுவதும், சாப்பிடும் இடத்தை முடிவு செய்வதும் கடினமாகிவிடும். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முறையில் வேலை செய்பவர் குழுவில் இருந்தால் அவருடைய விடுப்பை ஜனவரியிலேயே எழுத்தில் பெற்றுவிடுங்கள், ஏனெனில் தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி எல்லோரும் விடுப்புக் கேட்கும்போது கடைசியில் கேட்பவருக்குக் கிடைக்காது.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பித்து, அருகிலுள்ள சேவை மையத்திலோ அஞ்சலகத்தில் இயங்கும் சேவை மையத்திலோ நேரம் குறித்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கான 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாயும் தட்கல் முறையில் 3,500 ரூபாயும் கட்டணம். காவல் நிலைய விசாரணைக்கு விண்ணப்பத்தில் கொடுத்த முகவரியில் நீங்கள் இருக்க வேண்டும். பெங்களூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் இந்த இடத்தில்தான் வாரக்கணக்கில் தாமதப்படுகிறார்கள். ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், தாய்லாந்தில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாகுமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாவைப் பொறுத்தவரை, 2024 ஜூலை நடுவில் தாய்லாந்து அரசு இந்தியர்கள் விசா இல்லாமல் 60 நாட்கள் வரை சுற்றுலாவாக வந்து தங்கலாம் என்று அறிவித்தது. இத்தகைய சலுகைகள் அரசின் முடிவுக்கேற்ப மாறக்கூடியவை என்பதால், டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் அன்று தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் அன்றைய விதியை நீங்களே படித்துப் பாருங்கள். நண்பர் சொன்னார் என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். இதைத் தவிர, 2025 மே 1 முதல் ஒவ்வொரு பயணியும் டிஜிட்டல் வருகை அட்டையை நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளம் அல்ல என்று உடனே மூடிவிடுங்கள். திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு, கையிருப்புப் பணம் ஆகியவற்றைக் குடிநுழைவு அதிகாரி கேட்கலாம். ஒவ்வொருவரிடமும் 20,000 பாட் (தாய்லாந்து நாணயம்) அளவுக்கு ஈடான தொகை இருப்பதைக் காட்டும்படி வைத்துக்கொண்டால் அந்த வரிசையில் பதற்றப்பட வேண்டியதில்லை. நான்கு பேர் செலவுக்கும் ஒருவர் கையிலேயே பணம் இருப்பது அங்கே உதவாது.

பயண மருத்துவக் காப்பீட்டை யாரும் தவிர்க்க வேண்டாம். எட்டு நாட்களுக்கு ஆகும் தொகை சிறியது. வெளிநாட்டில் ஒரு காலெலும்பு முறிந்தால் ஆகும் தொகை அப்படிப்பட்டது அல்ல.

நம் ஊரிலிருந்து சியாங் மாய் வரை

நமக்கு விமான நிலையம் என்றால் பெங்களூர் கெம்பகௌடாதான். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர் அளவில் இருந்தாலும், விமான நிலையம் நகரத்தின் வடக்கே தேவனஹள்ளிப் பக்கம் இருப்பதால், ஓசூர், அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நகரத்தை முழுவதும் குறுக்கே கடந்தாக வேண்டும். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் கிருஷ்ணகிரியிலிருந்து நான்கு மணி நேரமும் தருமபுரியிலிருந்து ஐந்து மணி நேரமும் ஒதுக்குங்கள். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வாயு வஜ்ரா பேருந்து விமான நிலையத்துக்குச் செல்கிறது. நான்கு பேர் சேர்ந்து வாடகைக் கார் எடுப்பதைவிட அது மலிவு. விமானம் நள்ளிரவுக்குப் பின் புறப்படுவதாக இருந்தால் மாலை ஏழு மணிக்கே கிளம்பி, இரண்டாம் முனையத்தில் உட்கார்ந்து காத்திருப்பதையே நான் விரும்புவேன்.

பெங்களூரிலிருந்து பாங்காக் நான்கு மணி நேரத்துக்குள் முடியும் பயணம். பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என இரண்டு விமான நிலையங்கள் இருப்பதால், மாறி ஏறும் விமானம் எதிலிருந்து புறப்படுகிறது என்பதை டிக்கெட்டில் இருமுறை படித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டரில் சியாங் மாய் இருக்கிறது. உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஆனால் முதல் முறை செல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இரவு ரயில்தான். 2023 ஜனவரி முதல் நெடுந்தூர ரயில்கள் குருங் தேப் அபிவாட் மத்திய நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. மாலையில் ஏறிப் படுத்தால் காலையில் மலைகளுக்கு நடுவே கண் விழிக்கலாம். சோங்க்ரான் வாரத்தில் தாய்லாந்து மக்களே அந்த ரயில்களை நிரப்பிவிடுவார்கள் என்பதால், படுக்கை டிக்கெட்டை முன்பதிவு திறந்த நாட்களிலேயே எடுத்துவிட வேண்டும்.

ஏப்ரல் 11ஆம் தேதிக்குள் சியாங் மாய் சேர்ந்துவிடுங்கள். இந்த ஒரு விதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்த வேண்டாம். 12ஆம் தேதி மாலையிலிருந்தே தெருக்களில் தண்ணீர் பாயத் தொடங்கிவிடும். பாஸ்போர்ட்டும் பணமும் மாற்றுடையும் நிறைந்த பையோடு அந்தக் கூட்டத்துக்குள் விடுதியைத் தேடி அலைவது பெரும் துன்பம். முன்னதாகச் சென்றால் 12ஆம் தேதி பகலில் சந்தைக்குப் போகலாம், கோயில்களின் வாசல்களைப் பார்த்து வைக்கலாம், எந்தத் தெரு எங்கே முடிகிறது என்று கால்களுக்குப் பழக்கலாம்.

தங்குமிடத்தைப் பழைய நகரத்துக்கு உள்ளேயே, ஆனால் அகழியை ஒட்டிய சாலையில் இல்லாமல், உட்பக்கச் சந்து ஒன்றில் எடுங்கள். மங்ராய் மன்னர் 1296இல் நிறுவிய அந்தப் பழைய நகரம், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் கொண்ட சதுரமாக, நான்கு புறமும் அகழி சூழ அமைந்திருக்கிறது. விழாவின் தண்ணீர் விளையாட்டு முழுவதும் அந்த அகழியைச் சுற்றித்தான் நடக்கிறது என்பதால், உட்சந்தில் தங்கினால் விளையாட்டுக்கு நடந்து போகலாம், தூக்கத்துக்கு நடந்து வரலாம். பங்கு அறையில் ஒரு படுக்கை சாதாரண நாட்களில் 250 பாட்டிலிருந்து கிடைக்கும். சோங்க்ரானுக்கு விலை கூடும். சமையலறை உள்ள விடுதியாகப் பாருங்கள். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வட தாய்லாந்தில் காடுகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் எரியும் தீயால் புகை சூழ்கிறது; வெயிலும் 38 பாகையைத் தொடும். ஆஸ்துமா உள்ளவர் குழுவில் இருந்தால் சியாங் மாயை விட்டுவிட்டுப் பாங்காக்கில் கொண்டாடுங்கள். அங்கே சீலோம் சாலையில், தமிழர்கள் 1879இல் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. சித்திரை முதல் நாள் காலையில் அங்கே கும்பிட்டுவிட்டு, அதே சாலையில் பகலில் நடக்கும் தண்ணீர் விளையாட்டில் கலந்துகொள்ளலாம். மற்றவர்களும் என்95 முகக்கவசம் சிலவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

பணமும் பையும்

ஒரு பாட் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று ரூபாய். அங்கே வெளிநாட்டு அட்டையைப் போட்டு ஏடிஎம்மில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவில் கட்டணம் பிடிக்கிறார்கள். அதனால் சிறிது சிறிதாக எடுக்காமல், நான்கு பேரும் தலா ஒரு தொகை போட்டுப் பொதுப்பணம் ஒன்று சேர்த்து, கணக்கில் கண்டிப்பான ஒருவரிடம் அதைக் கொடுத்துவிடுங்கள். சாப்பாடு, ஆட்டோ போன்ற வண்டிகள், தண்ணீர் பாட்டில், கோயில் காணிக்கை எல்லாம் அந்தப் பணத்திலிருந்தே போகட்டும்; தனிப்பட்ட வாங்குதல் மட்டும் அவரவர் கையிலிருந்து. நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வருவது பெரிய செலவால் அல்ல, யார் கொடுத்தது என்று நினைவில்லாத சின்னச் செலவுகளால்தான். விமான டிக்கெட் உட்பட எட்டு நாட்களுக்கு ஒருவருக்கு 50,000 ரூபாயைத் திட்டமாகவும், அவசரத்துக்கு மேலும் 10,000 ரூபாயைத் தொடாத தொகையாகவும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

மலிவு விமானங்களில் கையில் எடுத்துச் செல்லும் பைக்கு 7 கிலோ வரைதான் அனுமதி என்பதால் பையைச் சிறியதாகக் கட்டுங்கள். விரைவில் உலரும் அடர்நிறச் சட்டைகள் மூன்று, அரைக்கால்சட்டை இரண்டு, கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை ஒன்று, பின்புறம் பட்டை உள்ள ரப்பர் செருப்பு, ஒரு துண்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், கைப்பேசிக்கு நீர் புகாத உறை இரண்டு ஆகியவை போதும். வெள்ளைச் சட்டை நனைந்தால் உடல் தெரியும் என்பதைப் பெண்கள் மட்டுமல்ல, எல்லோரும் நினைவில் கொள்ளுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. மின்சிகரெட் தாய்லாந்தில் தடை செய்யப்பட்ட பொருள். யாருடைய பையிலும் அது இருக்கக் கூடாது. நம் ஊர் மாம்பழப் பெருமையை அங்குள்ள நண்பர்களுக்குக் காட்ட எனக்கும் ஆசைதான், ஆனாலும் பழம், விதை, செடி எதையும் எல்லை தாண்டி எடுத்துச் செல்ல வேண்டாம். தாவர நோய்த் தடுப்பு விதிகள் அதற்கு இடம் தருவதில்லை.

மூன்று காலைகள், மூன்று மாலைகள்

சியாங் மாய் மக்கள் மூன்று நாட்களுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள், தனித்தனிக் கடமையும் வைத்திருக்கிறார்கள். காலையில் கடமை, நண்பகலுக்குப் பின் விளையாட்டு என்று பிரித்துக்கொண்டால் இரண்டையும் முழுமையாக அனுபவிக்கலாம்.

13ஆம் தேதி, சங்கான் லோங். பழைய ஆண்டு இறங்கிப் போகும் நாள். வீட்டைப் பெருக்கிக் கழுவி, பழையதைத் துடைத்தெறியும் இந்த நாளைப் போகி என்று நினைத்துக்கொண்டால் நமக்கு எளிதில் விளங்கும். வாட் பிரா சிங் கோயிலின் பிரா புத்த சிஹிங் என்ற புத்தர் திருமேனியை அன்று தேரில் வைத்து நகருக்குள் ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். வழியெங்கும் மக்கள் நறுமண நீரைச் சிறு கிண்ணங்களில் வைத்துக்கொண்டு காத்திருந்து தெளிப்பார்கள். பழைய நகரத்தின் கிழக்கு வாசலான தா பே வாசலுக்கு அருகே நின்றால் நன்றாகக் காணலாம். நீரை மெல்லத் தெளிக்க வேண்டும், துப்பாக்கியால் பீய்ச்சக் கூடாது. நம் ஊரில் தேர் வரும்போது எப்படி நிற்போமோ அப்படியே நிற்க வேண்டும்.

14ஆம் தேதி, வன் நாவ். நம்முடைய சித்திரை முதல் நாள். அன்று யாரையும் கடிந்து பேசக் கூடாது என்பது அங்குள்ள வழக்கம். அன்று வாயிலிருந்து வரும் கெட்ட சொல் ஆண்டு முழுவதும் தொடரும் என்று நம்புகிறார்கள். நண்பர்களோடு பயணம் செய்யும் நான்காவது நாளில் இந்த வழக்கம் மிகவும் பயன்படும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். ஆண்டு முழுவதும் கோயிலுக்கு வந்து போகும் கால்கள் கோயில் மண்ணைச் சிறிது சிறிதாக வெளியே கொண்டுபோய்விடுகின்றன, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று, மக்கள் அன்று மணலைக் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் குவித்து, கோபுரம் போலக் கட்டி, வண்ணக் காகிதக் கொடிகளை அதில் செருகுகிறார்கள். அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டு நீங்களும் ஒரு கிண்ணம் மணல் சேர்க்கலாம். எங்களை யாரும் தடுத்ததில்லை, ஒரு சிறுமி கொடியை எங்கே செருக வேண்டும் என்று கூடக் காட்டிக் கொடுத்தாள்.

15ஆம் தேதி, பயா வன். மூன்றிலும் உயர்ந்த நாள் இதுதான். காலையில் கோயிலுக்குச் சென்றுவிட்டு வந்து, குடும்பத்தின் மூத்தவர்களை உட்காரவைத்து அவர்களுடைய கைகளில் நீர் ஊற்றி, கடந்த ஆண்டில் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி வேண்டுவார்கள்; மூத்தவர்கள் வாழ்த்திவிட்டுச் சில வீடுகளில் வெண்ணூல் ஒன்றை மணிக்கட்டில் கட்டிவிடுவார்கள். இதற்கு டம் ஹுவா என்று பெயர். தலையை அலசுதல் என்பது அச்சொல்லின் பொருள். எங்கள் விடுதி மூதாட்டி வைத்திருந்த கிண்ண நீரில் மல்லிகை மிதந்தது, மஞ்சள் நிறப் பூவிதழ்கள் மிதந்தன, அவற்றோடு பழுப்பு நிறக் காய்ந்த காய்கள் சிலவும் கிடந்தன. அந்தக் காயை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று கையில் எடுத்து முகர்ந்தபோது என் பாட்டி வீட்டுக் கொல்லைப்புறம் நினைவுக்கு வந்தது. அவர்கள் சோம் பொய் என்று சொல்லும் அது, நம்முடைய சீயக்காய்தான். ஊத்தங்கரைப் பக்கத்து வீடுகளில் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்க வைத்திருக்கும் அதே காயை, ஆண்டின் தீட்டைக் கழுவும் பொருளாக அவர்கள் புத்தாண்டு நீரில் போடுகிறார்கள். அந்த ஒரு கிண்ணம் நீருக்காகவே நான் இன்னொரு முறையும் செல்வேன்.

இதில் கலந்துகொள்ள நீங்கள் செய்ய வேண்டியது எளிது. 12ஆம் தேதி சந்தையில் மல்லிகையும் சோம் பொய் காய்களும் வாங்கி வையுங்கள். விடுதி நடத்துபவர் வயதில் மூத்தவராக இருந்தால், இந்த ஆண்டு உங்கள் கையில் நீர் ஊற்றி வாழ்த்துப் பெறலாமா என்று முந்தைய நாளே பணிவாகக் கேளுங்கள். அவர் உட்கார்ந்திருக்க, நீங்கள் அவரைவிடத் தாழ்ந்து மண்டியிட்டு, தலையில் அல்லாமல் உள்ளங்கைகளில் மட்டும் ஊற்றுங்கள். சவாத்தி பீ மை என்று புத்தாண்டு வாழ்த்துச் சொல்லி, ஆண்கள் க்ராப் என்றும் பெண்கள் கா என்றும் முடிக்க வேண்டும். எங்களுக்கு நூல் கட்டியபோது மூதாட்டி என்ன வாழ்த்தினார் என்பது சொல்லாகப் புரியவில்லை. கையைப் பிடித்திருந்த விதத்தில் புரிந்தது.

பிற்பகல் விளையாட்டுக்கு வருவோம். பாஸ்போர்ட்டை விடுதியின் பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, அதன் நகலையும் தேவையான பணத்தையும் மட்டும் நீர் புகாத உறையில் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். பிக்குகள், முதியவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், ஓடும் இருசக்கர வண்டியில் வருபவர்கள் ஆகியோர் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பனிக்கட்டி கலந்த நீரைப் பயன்படுத்த வேண்டாம். அகழி நீர் வாயிலும் கண்ணிலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீச்சல் கண்ணாடி அணிவதற்குக் கூச்சப்பட வேண்டாம். வெள்ளை மாவுக் குழம்பை முகத்தில் பூசும் வழக்கம் உண்டு, ஆனால் கேட்டுவிட்டு மட்டுமே பூச வேண்டும், பெண்கள் விஷயத்தில் அவர்களே கன்னத்தைக் காட்டினாலன்றிக் கை நீட்டக் கூடாது. நம் இளைஞர்கள் கூட்டமாகச் செல்லும்போது இந்த ஒன்றில் தவறினால், அது ஒருவருடைய தவறாக அல்ல, இந்தியர்கள் அனைவருடைய தவறாகவும் பார்க்கப்படும்.

முதல் ஆண்டு எங்கள் நால்வரில் ஒருவன் தா பே வாசல் கூட்டத்தில் பிரிந்துவிட்டான். அவனுடைய கைப்பேசி நனைந்து அணைந்திருந்தது. விடுதியின் பெயரும் அவனுக்கு நினைவில்லை. நான்கு மணி நேரம் தேடி, இருட்டிய பின் அவனைக் கண்டபோது, அவன் முகத்தைப் பார்த்துக் கோபப்படக் கூட எங்களுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பின் நாங்கள் வகுத்துக்கொண்ட முறை இது: விடுதியின் பெயரும் முகவரியும் தாய்லாந்து எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒவ்வொருவர் உறையிலும் இருக்கும், பிரிந்தால் ஒவ்வொரு மணி நேரம் முடியும்போதும் குறிப்பிட்ட ஒரு கோயில் வாசலுக்கு வந்து பத்து நிமிடம் நிற்போம், மாலை ஏழு மணிக்கு விடுதியில் தலை எண்ணுவோம். சுற்றுலாக் காவலர்களை 1155 என்ற எண்ணிலும், மருத்துவ அவசர உதவியை 1669 என்ற எண்ணிலும் அழைக்கலாம் என்பதை அதே அட்டையின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறோம். இந்தியத் துணைத் தூதரகம் சியாங் மாயிலேயே இருக்கிறது. அதன் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விடுதிச் சமையலறையில் மாங்காய்ப் பச்சடி

சமையலறை உள்ள விடுதியாகப் பாருங்கள் என்று சொன்னது 14ஆம் தேதி காலைக்காகத்தான். ஏப்ரலில் அங்கேயும் மாங்காய்ப் பருவம். மாமுவாங் டிப் என்று கேட்டால் மாங்காய் தருவார்கள். வெல்லத்துக்குப் பதிலாக, அவர்கள் மொழியில் ‘நாம் தான் பிப்’ எனப்படும் பனைவெல்லம் சந்தையில் கிடைக்கும். மிளகாய்க்கும் உப்புக்கும் அங்கே குறைவில்லை. வேப்பம்பூதான் சிக்கல். வேம்பின் இனத்தைச் சேர்ந்த சடாவ் மரத்தின் பூங்கொத்தை அவர்கள் காய்கறியாகவே உண்கிறார்கள் என்றாலும் அது குளிர்காலத்துச் சரக்கு, ஏப்ரலில் கிடைப்பது அரிது. பாகற்காயைப் பொடியாக நறுக்கி வதக்கிச் சேர்த்தோம், கசப்பு கசப்பாகவே வந்தது. எங்களில் ஓசூரிலிருந்து வந்தவன் வீட்டில் தெலுங்கு பேசுபவன். பங்குனியிலேயே யுகாதி கொண்டாடிவிட்டு வந்திருந்த அவன்தான், புளியும் சேர்த்து, எங்கள் வீட்டுச் சுவையில் என்று சொல்லி இரண்டாவது கிண்ணம் கலக்கினான். விடுதியில் இருந்த மற்ற நாட்டுப் பயணிகளுக்கும் ஒவ்வொரு கரண்டி கொடுத்தோம். இனிப்பும் கசப்பும் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லி முடிக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. காலையில் இதை முதலில் செய்துவிடுங்கள், ஏனெனில் விளையாட்டுக்குப் போய் வந்தபின் எவருக்கும் அடுப்பைப் பற்றவைக்கும் தெம்பு இருக்காது. தாய்லாந்து நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை ஏழரை மணிக்குக் கிண்ணத்தோடு அழைத்தால், இங்கே ஆறு மணிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவைத் திரையில் பார்க்கலாம்.

மற்ற வேளைகளுக்கு: குடும்பங்கள் நடத்தும் சிறு உணவகங்கள் பல விழா நாட்களில் மூடியிருக்கும், செவன் இலெவன் கடைகள் திறந்திருக்கும். தெருவோரத்தில் ஒரு தட்டு உணவு 50 முதல் 80 பாட் வரை ஆகும். கை என்றால் கோழி, மூ என்றால் பன்றி, நுவா என்றால் மாடு. சைவம் உண்பவர்கள் ஜே என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தாக அது தொங்கும் கடைகளில் இறைச்சியோ மீன் சாறோ சேர்ப்பதில்லை. சாதாரணக் கடையில் காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு சேர்ந்தே வரும்.

வண்டி ஓட்ட வேண்டாம்

இதைப் படிப்பவர்களில் பலர் பத்து ஆண்டுகளாக இருசக்கர வண்டி ஓட்டுபவர்களாக இருப்பீர்கள். அங்கேயும் சாலையின் இடப்பக்கமே ஓட்டுவதால், ஒரு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுப்பது எளிதாகத் தோன்றும். தாய்லாந்து அரசு சோங்க்ரானை ஒட்டிய ஏழு நாட்களை ஆபத்தான நாட்கள் என்றே அழைத்து ஒவ்வொரு நாளும் விபத்துக் கணக்கை வெளியிடுகிறது; அண்மை ஆண்டுகளில் அந்த ஒரு வாரத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் சாலைகளில் இறந்திருக்கிறார்கள், விபத்துகளில் பெரும்பாலானவை இருசக்கர வண்டிகள் சிக்கியவை. தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, நனைந்த சாலையும் குடித்த ஓட்டுநரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த நாட்களில் நடந்து செல்லுங்கள். தொலைவாக இருந்தால் சிவப்பு நிறப் பங்கு வண்டியான சோங்தேவில் ஏறுங்கள், நகருக்குள் ஒருவருக்கு 30 பாட் அளவில் வாங்குவார்கள். விழா முடிந்தபின் மலைப் பக்கம் ஓட்டியே ஆக வேண்டும் என்பவர்கள், புறப்படுவதற்கு முன் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெற்று, அதில் இருசக்கர வண்டிக்கான வகை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது.

திரும்பும் நாள்

16, 17ஆம் தேதிகளில் ஊருக்கு வந்தவர்கள் எல்லோரும் பாங்காக் திரும்புவதால் ரயிலும் பேருந்தும் நிரம்பி வழியும். திரும்பும் டிக்கெட்டை 18ஆம் தேதிக்கு எடுங்கள். நடுவில் கிடைக்கும் இரண்டு நாட்களில் உடைகளைக் காயவைத்து, தெருக்கள் உலர்ந்து அமைதியாகிவிட்ட பழைய நகரத்தை நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். விழாக் கூட்டத்தில் காணாத கோயில்களின் மரச் சிற்பங்களை அப்போதுதான் காண முடியும். சந்தையில் வாங்கி மீதமான சோம் பொய் காய்களை விடுதி மூதாட்டியிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். மணிக்கட்டு நூலைக் கத்தரியால் வெட்டக் கூடாது, குறைந்தது மூன்று நாட்களாவது கையில் இருக்க வேண்டும், பின்னர் முடிச்சை அவிழ்த்தே எடுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். 15ஆம் தேதி கட்டிய நூல் அந்தக் கணக்கின்படி நீங்கள் தேவனஹள்ளியில் இறங்கி, அத்திப்பள்ளி தாண்டி, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைக் கடக்கும்வரை கையில்தான் இருக்கும்.